பைத்தானை மூன்று முறை ஏற்றியும் ஓடவில்லை, தங்கச்சிக்குச் செய்முறைத் தேர்வு வருகிறது

கல்லிடைத் தம்பி, சனி இரவு 8:10

வணக்கம். எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. செய்முறைத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பது நான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. அதில் பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.7 பதிப்பு இருந்தது. சிஎஸ்வி பாடம் வரைக்கும் அவள் அதில்தான் போட்டுப் பார்த்தாள். கடைசிப் பாடத்தில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் நூலகம் வருகிறது. அதற்குப் புதிய பைத்தான் வேண்டும் என்று ஒருவர் சொன்னதால் பழையதை நீக்கிவிட்டு 3.12 ஏற்றினேன். அன்றிலிருந்து எதுவும் ஓடவில்லை.

கமாண்ட் பிராம்ப்டில் (கமாண்ட் தட்டும் கறுப்புத் திரை) பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. நிரல் எழுதும் ஐடில் ஐகானை அழுத்தினால் ஒரு நொடி சுற்றுகிறது, அப்புறம் ஒன்றும் வருவதில்லை. நூலகங்களை ஏற்றும் பிப் என்று போட்டால் "ஃபேட்டல் எரர் இன் லாஞ்சர்" என்கிறது. மூன்று முறை நீக்கி மூன்று முறை ஏற்றிவிட்டேன். ஒரு கடையில் காட்டியதற்கு மொத்தமாக ஃபார்மேட் செய்ய வேண்டும் என்றார்கள். அப்பாவின் அப்பளக் கணக்கு முழுக்க இதில்தான் இருக்கிறது, அதனால் தயக்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டான், சனி இரவு 8:25

கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு ஃபார்மேட் செய்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

கன்னடியன் கால், சனி இரவு 9:02

ஃபார்மேட் வேண்டாம் தம்பி. இன்னொரு முறை நீக்கி ஏற்றவும் வேண்டாம். மூன்று முறை ஏற்றியும் அதே கோளாறு என்றால், கோளாறு பைத்தானுக்குள் இல்லை, அதற்கு வெளியே இருக்கிறது. நீக்கும்போது போகாத ஏதோ ஒன்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாதிரி சிக்கலில் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: நீங்கள் பைத்தான் என்று கூப்பிட்டால் யார் வந்து பதில் சொல்கிறார்கள்? ஒரு கணினியில் பைத்தான் என்ற பெயரில் நாலு பேர் இருக்கலாம். யார் என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

கமாண்டுகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, "வேர் பைத்தான்" என்று போடுங்கள். எந்தெந்த இடத்தில் அந்தப் பெயரில் ஃபைல் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அப்புறம் "வேர் பிப்". அடுத்து பி, ஒய் என்ற இரண்டே எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன், பூஜ்யம், சின்ன பி. இது கணினியில் பதிவாகியிருக்கும் எல்லாப் பைத்தான்களையும் அவை இருக்கும் இடத்தையும் சொல்லும். கடைசியாக "செட் பைத்தான்". பைத்தான் என்று தொடங்கும் என்விரான்மென்ட் வேரியபிள் (நிரல்கள் பார்த்துக்கொள்ள விண்டோஸ் பெயரிட்டு வைத்திருக்கும் மதிப்பு) ஏதாவது இருந்தால் அதில் மாட்டும். வந்ததை அப்படியே எழுதுங்கள். புகைப்படம் வேண்டாம், அதில் கடைசி வரி எப்போதும் வெட்டுப்படும், நமக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான்.

கல்லிடைத் தம்பி, சனி இரவு 9:48

அண்ணாச்சி, போட்டுப் பார்த்தேன்.

வேர் பைத்தான்: ஒரே வரி. என் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ்ஆப்ஸ் என்று போகிறது.
வேர் பிப்: சி டிரைவ், பைத்தான்37, ஸ்கிரிப்ட்ஸ், பிப்.
பி ஒய் கமாண்ட்: 3.12 மட்டும் காட்டுகிறது, பக்கத்தில் நட்சத்திரக் குறி.
செட் பைத்தான்: பைத்தான்ஹோம் = சி டிரைவ், பைத்தான்37.

வெறும் பி ஒய் என்று போட்டால் பெரிய எரர் வருகிறது. கடைசியில் "நோ மாட்யூல் நேம்டு என்கோடிங்ஸ்" என்று முடிகிறது.

இதையும் சொல்லிவிட வேண்டும். முதல் முறை ஓடாதபோது ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னபடி பைத்தான்ஹோம் என்று ஒன்றை உண்டாக்கினேன். 'செட்எக்ஸ் பாத்' என்று ஒரு கமாண்டும் போட்டேன். ஏதோ ஒரு எச்சரிக்கை வந்தது, வாசிக்காமல் மூடிவிட்டேன்.

பாளை டீச்சர், சனி இரவு 10:05

நான் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். நமது பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று வந்ததிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பருவத்தில் இதே கதையோடு பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். தம்பி, மேட்பிளாட்லிப்புக்குப் பழைய 3.7 போதும். பைத்தானுக்கு ஏற்ற பதிப்பை பிப் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இருக்கும் கோட்டுப் படமும் பட்டை வரைபடமும் எந்தப் பதிப்பிலும் வரும். சரி, நடந்தது நடந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். 3.12 ஏற்றும்போது முதல் திரையின் அடியில், பாத்தில் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டீர்களா? நாமாகப் போட்டால்தான் உண்டு, அதுவாக விழாது.

கல்லிடைத் தம்பி, சனி இரவு 10:11

இல்லை டீச்சர். செட்எக்ஸ் போட்டுவிட்டோமே என்று டிக் போடவில்லை.

கன்னடியன் கால், ஞாயிறு காலை 6:30

இப்போது எல்லாம் விளங்குகிறது. நடந்தது ஒன்றல்ல, மூன்று. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியதால் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் பாத் என்றால் என்ன என்று சொல்கிறேன். நமக்குத் தெரிந்த கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடையில் தொடங்கி ஒவ்வொரு மடையாகத் தண்ணீர் போகிறது. நீங்கள் ஒரு கமாண்டைத் தட்டினால் விண்டோஸ் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு பாத்தில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களை அதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். எந்த மடையில் அந்தப் பெயர் கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், கீழே போகாது. சிஸ்டம் பாத் முதலில், உங்கள் கணக்குக்கான யூசர் பாத் அதற்குப் பின்னால்.

செட்எக்ஸ் செய்தது இதுதான். அது ஒரு வேரியபிளில் 1024 எழுத்துக்கு மேல் எழுதாது, மீதியை வெட்டிவிடும். நீங்கள் மூடிய எச்சரிக்கை அதைத்தான் சொல்லியிருக்கும். அந்த வீடியோவில் வரும் கமாண்ட் சிஸ்டம் பாத், யூசர் பாத் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் பைத்தான் இடத்தை ஒட்டி, எல்லாவற்றையும் யூசர் பாத்துக்குள் எழுதும். கல்லூரிக் காலத்து லேப்டாப் என்றால் ஜாவா, டேட்டாபேஸ் என்று ஏற்கெனவே பாத் நீளமாக இருக்கும். 1024 எழுத்து நடுவிலேயே முடிந்திருக்கும். கடைமடையில் இருந்த புதிய பைத்தானுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. யூசர் பாத்தைத் திறந்து பாருங்கள், கடைசி வரி பாதியில் நிற்கும்.

அதனால் பைத்தான் என்ற பெயர் விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டரில் கிடைத்துவிடுகிறது. அங்கே இருப்பது நிஜப் பைத்தான் இல்லை, பூஜ்யம் பைட் ஃபைல். பைத்தான் இல்லாதவர்களுக்கு ஸ்டோரைக் காட்ட 2019இல் விண்டோஸில் வைத்த குறுக்குவழி. 3.12 உங்கள் கணினியில் இருந்தும் அதன் பெயரில் அந்தக் குறுக்குவழி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, பிப். பழைய 3.7ஐ நீக்கியபோது பைத்தான் போய்விட்டது, ஆனால் பிப் வழியாக நீங்கள் ஏற்றியவை பைத்தான்37 ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். நீக்கும் நிரல் தான் வைத்ததை மட்டுமே எடுக்கும். அங்கே மிஞ்சிய பிப்புக்குள், நான் இந்த இடத்துப் பைத்தானைத்தான் கூப்பிடுவேன் என்று முழு முகவரியும் எழுதியிருக்கிறது. அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை. அதுதான் லாஞ்சர் எரர். அந்த ஃபோல்டர் சிஸ்டம் பாத்தில் எப்படி இன்னும் இருக்கிறது? கையால் சேர்த்தீர்களா?

மூன்றாவதுதான் உயிரை எடுப்பது. பைத்தான்ஹோம் என்ற வேரியபிள் இருந்தால், எந்தப் பைத்தான் எழுந்தாலும் தன் நூலகத்தை அங்கேதான் தேடும். 3.12 எழுந்ததும் காலியான பைத்தான்37க்குப் போய் என்கோடிங்ஸ் மாட்யூலைத் தேடுகிறது. எழுத்துகளைப் படிக்கவே அது வேண்டும், அது இல்லாமல் பைத்தான் ஓர் அடி எடுத்து வைக்காது. ஐடில் சத்தமில்லாமல் சாவதும் இதனால்தான். அது கறுப்புத் திரை இல்லாமல் ஓடுவது, எரரைக் காட்ட இடமில்லை. எத்தனை முறை ஏற்றினாலும் இந்த வேரியபிள் அசையாது, ஏனென்றால் வைத்தது பைத்தான் இல்லை, நீங்கள்.

நான் சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம். பி ஒய், இடைவெளி, ஹைஃபன், பெரிய எழுத்து இ. பைத்தான் என்று தொடங்கும் வேரியபிள்கள் எதையும் பார்க்காதே என்று அர்த்தம். அப்படிப் போட்டால் 3.12 நல்லபடியாக எழுந்திருக்க வேண்டும். வயலுக்குப் போய்விட்டு வருகிறேன், பிசான நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறது.

கல்லிடைத் தம்பி, ஞாயிறு காலை 7:15

எழுந்துவிட்டது அண்ணாச்சி! மூன்று அம்புக்குறி வந்தது. இரண்டு கூட்டல் இரண்டு போட்டேன், நான்கு வந்தது. ஒரு வாரத்துக்கு அப்புறம் பார்க்கிறேன். தங்கச்சியை எழுப்பிக் காட்டினேன்.

யூசர் பாத்தின் கடைசி வரி நீங்கள் சொன்னபடியே "லோக்கல்\புரோ" என்று பாதியில் நிற்கிறது. சிஸ்டம் பாத்தில் பைத்தான்37ஐக் கல்லூரியில் நானே கையால் சேர்த்தேன், இப்போதுதான் நினைவு வருகிறது.

வள்ளியூர்க்காரன், ஞாயிறு காலை 8:40

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் விண்டோஸ் 7 லேப்டாப். 3.12 ஏற்றப் போனால் நடக்கவே இல்லை. வேறு ஒரு கணினியிலிருந்து ஃபோல்டரை நகல் எடுத்துப் போட்டால், ஏபிஐ எம்எஸ் வின் கோர் பாத் என்று தொடங்கும் டிஎல்எல் (நிரல்கள் பயன்படுத்தும் நூலக ஃபைல்) இல்லை என்கிறது. அந்த டிஎல்எல்லை எங்கே இறக்குவது?

பாளை டீச்சர், ஞாயிறு காலை 9:05

எங்கேயும் இறக்காதீர்கள். டிஎல்எல் தருகிறோம் என்று சொல்லும் தளங்களில் எது வரும் என்று சொல்லவே முடியாது. விண்டோஸ் 7க்குக் கடைசியாக வந்தது பைத்தான் 3.8 வரிசை. 3.9 முதல் விண்டோஸ் 8.1 வேண்டும், 3.13 முதல் விண்டோஸ் 10 வேண்டும். பைத்தானின் சொந்தத் தளத்தில் 3.8.10 எடுங்கள். அந்த வரிசையில் விண்டோஸுக்கு இன்ஸ்டாலரோடு கடைசியாக வந்தது அதுதான். சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும், கேபி2533623 என்ற அப்டேட்டும் இருக்க வேண்டும். 3.8க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. அதனால் பாடம் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பாடத்துக்கு அது தாராளம்.

கன்னடியன் கால், ஞாயிறு காலை 11:20

நல்லது தம்பி, நோய் உறுதியாகிவிட்டது. இனிச் சரிசெய்வது.

எதையும் தொடுமுன் சிஸ்டம் பாத், யூசர் பாத் இரண்டையும் முழுதாக நகல் எடுத்து ஒரு நோட்பேட் ஃபைலில் போட்டு வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டார்ட்டில் என்விரான்மென்ட் என்று தேடி வேரியபிள் பட்டியலைத் திறங்கள். பைத்தான்ஹோமை அழியுங்கள். பைத்தான்பாத் என்று ஒன்று இருந்தால் அதையும் அழியுங்கள். யூசர் பாத்தில், சிஸ்டம் பாத்தில் ஏற்கெனவே இருப்பவற்றின் நகல்களையும் பாதியில் நிற்கும் அந்த வரியையும் எடுங்கள், விண்டோஸ்ஆப்ஸ் வரியை விட்டுவிடுங்கள். சிஸ்டம் பாத்திலிருந்து பைத்தான்37 வரிகள் இரண்டையும் எடுங்கள். அப்புறம் சி டிரைவில் மிஞ்சிய பைத்தான்37 ஃபோல்டருக்கு வேறு பெயர் வையுங்கள். அழிப்பது ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

அடுத்து 3.12 இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டினால் மாடிஃபை, ரிப்பேர், அன்இன்ஸ்டால் என்று மூன்று வரும். மாடிஃபை எடுத்து, முதலில் வரும் திரையில் நெக்ஸ்ட் அழுத்தி, அடுத்த திரையில் என்விரான்மென்ட் வேரியபிளில் சேர் என்பதற்கு டிக் போடுங்கள். செட்டிங்ஸில் ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸ் என்று தேடி, பைத்தான் பெயரில் இருக்கும் இரண்டு குறுக்குவழிகளையும் அணைத்துவிடுங்கள். இனி அந்தப் பெயருக்கு ஒரே ஒருவர்தான் பதில் சொல்வார்.

கல்லிடைத் தம்பி, ஞாயிறு மதியம் 12:30

எல்லாம் செய்துவிட்டேன். ஆனாலும் பி ஒய் போட்டால் அதே என்கோடிங்ஸ் எரர்தான் வருகிறது. பைத்தான்ஹோம் பட்டியலில் இல்லை, மூன்று முறை பார்த்தேன்.

கன்னடியன் கால், ஞாயிறு மதியம் 12:34

காலையில் திறந்த அதே கறுப்புத் திரையா? திறந்த நேரத்தில் இருந்த வேரியபிள்களைத்தான் அது கையில் வைத்திருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள்.

கல்லிடைத் தம்பி, ஞாயிறு மதியம் 12:37

அதேதான். புதிய திரையில் பைத்தான் என்று தட்டினாலே 3.12 வருகிறது. ஐடிலும் திறந்துவிட்டது. அப்பா என்னவென்று கேட்டார், ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நன்றி அண்ணாச்சி.

தென்காசிச் சாரல், ஞாயிறு மதியம் 2:15

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒன்று சொல்லிவிடுகிறேன். உபுண்டுவில் பைத்தான் கோளாறு என்று சிஸ்டத்தோடு வந்த பைத்தான்3ஐ நீக்கிவிடாதீர்கள். அந்தச் சிஸ்டத்தின் பல பாகங்கள் அதன் மேல்தான் நிற்கின்றன, டெஸ்க்டாப்பே சேர்ந்து போய்விடும். புதிய பதிப்புகளில் பிப் போட்டால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" என்று மறுக்கும். அது கோளாறு இல்லை, காவல். வீஎன்வி (தனிப் பைத்தான் சூழல்) ஒன்று உண்டாக்கி அதற்குள் ஏற்றுங்கள்.

கல்லிடைத் தம்பி, ஞாயிறு மாலை 5:50

மறுபடி வந்துவிட்டேன். மேட்பிளாட்லிப் ஏற்றினேன், வெற்றி என்று காட்டியது. ஆனால் தங்கச்சி பட்டை வரைபடம் நிரலை ஓட்டினால், "நோ மாட்யூல் நேம்டு மேட்பிளாட்லிப்.பைபிளாட், மேட்பிளாட்லிப் இஸ் நாட் எ பேக்கேஜ்" என்று வருகிறது. பிப்பில் கேட்டால் ஏற்றியாகிவிட்டது என்கிறது. மறுபடி பாத் கெட்டுவிட்டதா?

கன்னடியன் கால், ஞாயிறு மாலை 6:10

பாத் இல்லை. பிப் லிஸ்ட் போட்டு மேட்பிளாட்லிப் 3.12இல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் வெறும் பிப் என்று போடாமல் "பி ஒய் ஹைஃபன் எம் பிப்" என்று போடுங்கள், எந்தப் பைத்தானுக்கு ஏற்றுகிறோம் என்பதில் சந்தேகம் வராது.

பாளை டீச்சர், ஞாயிறு மாலை 6:18

தம்பி, தங்கச்சி அந்த நிரலை என்ன பெயரில் சேமித்திருக்கிறாள்? "நாட் எ பேக்கேஜ்" என்ற மூன்று சொல்லைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றுகிறது.

கல்லிடைத் தம்பி, ஞாயிறு மாலை 6:22

(தங்கச்சி எழுதுகிறேன்) மிஸ், பாடத்தின் பெயரிலேயே இருக்கட்டும் என்று மேட்பிளாட்லிப் டாட் பி ஒய் என்று வைத்தேன்.

பாளை டீச்சர், ஞாயிறு மாலை 6:31

அதுதான் அம்மா. இம்போர்ட் என்று எழுதினால் பைத்தானும் வரிசையாகத்தான் தேடும். ஓடுகிற நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கேதான் முதலில் பார்க்கும், ஏற்றி வைத்த நூலகங்கள் அதற்குப் பின்னால்தான். உன் ஃபைலுக்கும் நூலகத்துக்கும் ஒரே பெயர் என்பதால் அது உன் ஃபைலையே இம்போர்ட் செய்துகொள்கிறது. உள்ளே பைபிளாட்டைத் தேடுகிறது, ஒரு தனி ஃபைலுக்குள் அது எங்கே இருக்கும்? அண்ணாச்சி நேற்று இரவு கேட்ட அதே கேள்விதான், யார் பதில் சொல்கிறார்கள்? இந்த முறை நீயே.

பெயரை "படம்1" என்பது போல மாற்று, ஆனால் ஆங்கில எழுத்தில். ரேண்டம், மேத், சிஎஸ்வி, டர்டில் என்று நூலகப் பெயர் எதையும் வைக்காதே. சிஎஸ்வி பாடத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் என் வகுப்பில் நாலைந்து பேராவது இதில் மாட்டுவார்கள், அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்.

கல்லிடைத் தம்பி, ஞாயிறு மாலை 6:44

(தங்கச்சி) வந்துவிட்டது மிஸ்! நீலப் பட்டைகள் மூன்று. தலைப்புக்கு எங்கள் வீட்டு அப்பளக் கணக்கையே போட்டேன், கார்த்திகை, மார்கழி, தை. இன்னொரு சந்தேகம். சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடத்தில் "ஜி பிளஸ் பிளஸ் இஸ் நாட் ரெகக்னைஸ்டு" என்று வருகிறது. போன மாதம் ஓடியது.

கன்னடியன் கால், ஞாயிறு இரவு 7:30

அந்த நிரல் உள்ளே ஜி பிளஸ் பிளஸ் கம்பைலரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது, அதனால் அதுவும் பாத்தில் இருக்க வேண்டும். யூசர் பாத்தைச் சுத்தம் செய்தபோது அந்தக் கம்பைலர் இருக்கும் மின்ஜிடபிள்யூ வரியும் சேர்ந்து போயிருக்கும். அண்ணனிடம் அந்த நோட்பேட் ஃபைலைத் திறக்கச் சொல்லு.

கல்லிடைத் தம்பி, ஞாயிறு இரவு 7:52

இருக்கிறது அண்ணாச்சி, சி டிரைவ், மின்ஜிடபிள்யூ, பின். நகல் என்று நினைத்து நான்தான் எடுத்துவிட்டேன். திரும்பச் சேர்த்தேன், புதிய திரை திறந்தேன், ஓடுகிறது. அவள் இப்போது பாடத்தின் மற்ற நிரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வள்ளியூர்க்காரன், திங்கள் காலை 7:05

டீச்சர், 3.8.10 ஏறிவிட்டது. டிக் போட்டேன். "வேர் பைத்தான்" போட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு வரிதான் வந்தது.